உள்ளே வரலாமா? வாம்பயர் படங்கள் புதிதாகும் இடம்

ரத்தம் குடித்து வாழும் வாம்பயர் வெயில் பட்டால் செத்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலில் அப்படி ஒரு விதியே இல்லை. அதில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலியில் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். பகலில் அவனுடைய சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவன் சாவதும் கத்தியால்தான்: கழுத்தில் ஒரு கூர்க்கா கத்தி, நெஞ்சில் ஒரு வேட்டைக்கத்தி. வெயிலுக்குக் கொல்லும் சக்தியைக் கொடுத்தது சினிமா. 1922இல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தில், சேவல் கூவும் வரை ஓர் இளம்பெண் தன் அறையிலேயே பிடித்து வைத்துவிட்டதால், கவுண்ட் ஆர்லோக் என்ற வாம்பயர் காலை வெளிச்சத்தில் மறைந்து போகிறான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் அந்த ஒரு காட்சிக்குக் கடன்பட்டவை.

அந்தப் படமே உரிமை வாங்காமல் எடுக்கப்பட்டது. டிராகுலாவை ஆர்லோக் ஆக்கி, மற்றவர்களின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று பிரானா ஃபிலிம் நிறுவனம் நினைத்திருக்கலாம். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குப் போட்டார். நிறுவனம் திவாலானது. 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சில பிரதிகள் எப்படியோ தப்பியதால்தான் இன்று நாம் படத்தைப் பார்க்கிறோம்.

டிராகுலாவின் அங்கியில் நிமிர்ந்து நிற்கும் காலருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1924இல் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் போட்ட நாடகத்தில் டிராகுலா திடீரென மறைய வேண்டும். நடிகர் மேடைத் தரையில் இருந்த கதவு வழியாகக் கீழே நழுவும்போது அவருடைய தலை பார்வையாளருக்குத் தெரியக்கூடாது. அதற்காக உயர்த்திய காலர் அது. 1931 ஹாலிவுட் படத்தில் டிராகுலாவாக வரும் பெலா லுகோசி ஒரு தடவைகூடக் கோரைப்பல்லைக் காட்டுவதில்லை. ரத்தம் சொட்டும் பல்லையும் சிவந்த கண்ணையும் கலரில் காட்டி உலகமெங்கும் பிரபலமாக்கியது 1958இல் வந்த பிரிட்டனின் ஹாமர் நிறுவனப் படம், அதில் நடித்த கிறிஸ்டோபர் லீ.

ஆக, நாம் மரபு என்று நினைப்பதெல்லாம் ஒரு மேடைத் தந்திரம், ஒரு திரைக்கதைத் தீர்வு, ஒரு ஸ்டூடியோவின் வியாபாரக் கணக்கு என்று வெவ்வேறு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. அப்படியானால் யார் வேண்டுமானாலும் மாற்றலாமே? மாற்றினார்கள்தான். ஆனால் விதியை மாற்றிய படங்களில் பெரும்பாலானவை புதிதாக இல்லை. பூண்டு வேலை செய்யாது, சிலுவை வேலை செய்யாது, வெள்ளித் தோட்டாதான் வேண்டும் என்று பட்டியலை மாற்றி எழுதிவிட்டு, பழைய துரத்தலையே மறுபடி காட்டினார்கள். உண்மையிலேயே புதிதாக இருந்த படங்கள் வேறொன்று செய்தன. பழைய விதிகளில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, இந்த ஊரில், இந்த மனிதருக்கு இது உண்மையாகவே நடந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கடைசிவரை யோசித்தன. கடந்த ஐம்பது ஆண்டுகளின் நல்ல வாம்பயர் படங்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு இதுதான் தெளிவாகத் தெரிகிறது. முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

முதலில் வெயில். காத்ரின் பிகலோ 1987இல் 'நியர் டார்க்' எடுத்தபோது அவர் விரும்பியது ஒரு வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம். அந்த வகைக்கு அப்போது பணம் போட ஆள் இல்லை. எழுத்தாளர் எரிக் ரெட்டுடன் சேர்ந்து அதற்குள் வாம்பயரைக் கொண்டுவந்தார். ஆனால் படம் முழுக்க அந்தச் சொல்லே வராது. கோட்டை கிடையாது, சவப்பெட்டி கிடையாது, நீளப்பல்கூடக் கிடையாது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், வண்டிகளைத் திருடி, கண்ணாடிகளை மறைத்து, இரவோடு இரவாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நாடோடிக் கும்பல் மட்டும் உண்டு. அதன் தலைவன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்று தோற்றவன். இத்தனை காலம் வாழ்ந்து அவன் சேர்த்தது ஒன்றுமில்லை, அழுக்குச் சட்டையைத் தவிர.

அந்தப் படத்தில் ஒரு மோட்டல் காட்சி இருக்கிறது. கும்பல் பகலில் அறைக்குள் பதுங்கியிருக்கிறது. வெளியே போலீஸ் சுற்றிவளைத்துச் சுடுகிறது. குண்டு இவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒவ்வொரு குண்டும் சுவரில் ஓட்டை போடுகிறது, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு வெயில் கற்றை உள்ளே பாய்கிறது. அந்த ஒளிக்கோடுகளுக்கு நடுவே உடல் பொசுங்கப் பொசுங்க அவர்கள் நெளிகிறார்கள். வெஸ்டர்ன் படத்தின் துப்பாக்கிச் சண்டையும் 1922இன் வெயில் விதியும் ஒரே காட்சியில் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படத்தின் முடிவு, அதாவது கால்நடை மருத்துவரான தந்தை ரத்தம் மாற்றி மகனைக் குணப்படுத்துவது, அவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டியதில்லை. அது ஒன்றுதான் குறை. படம் அன்று வசூலாகவில்லை. பின்னாளில்தான் அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் கூடினார்கள்.

வெயில் விதிக்குப் பூகோளத்தில் பதில் தேடியவர்களும் உண்டு. '30 டேஸ் ஆஃப் நைட்' (2007) அலாஸ்காவின் வடகோடி ஊரில் (அன்று அதன் பெயர் பேரோ) நடக்கிறது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காத ஊர். அருமையான யோசனை. ஆனால் யோசனை முதல் அரைமணி நேரத்தில் தீர்ந்துபோய், மீதி வெறும் வேட்டையாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த 'ட்வைலைட்' படத்தில் வெயில் கொல்லாது, தோல் வைரம் போல் மினுங்கும். அந்தப் படத்தை நேசித்தவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அதன் அக்கறை முழுக்க ஆசையை அடக்கிக்கொள்வதில் இருந்தது. ஆனால் பகல் என்ற விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்றானதும், என்றென்றும் இளமையாக இருப்பது வெறும் வரமாகிவிட்டது. தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் 'தர்ஸ்ட்' (2009) அந்த விலையை முழுதாகக் கேட்கிறது. அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

விதிகள் எதுவுமே உண்மை இல்லை என்றால்? ஜார்ஜ் ரொமேரோ அதைத்தான் 'மார்ட்டின்' படத்தில் கேட்டார். 1970களின் பிற்பகுதியில் வந்த படம். இந்த வகையில் இதைவிட அசலான படம் இதுவரை வரவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். மார்ட்டின் கூச்ச சுபாவமுள்ள இளைஞன். தனக்கு 84 வயது என்கிறான். அவனுக்கு நீளப்பல் இல்லை. அதனால் ஊசி போட்டு மயக்கி, சவர பிளேடால் மணிக்கட்டை அறுத்துக் குடிக்கிறான். யாரையும் அவனால் வசியம் செய்ய முடியாது. மயக்க மருந்து வேலை செய்யும் வரை அந்தப் பெண்கள் போராடுகிறார்கள், அவன் 'ஒன்றும் ஆகாது, தூங்கிவிடுவீர்கள்' என்கிற மாதிரி சமாதானம் சொல்கிறான். பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. நடுநடுவே கறுப்பு வெள்ளையில் மெழுகுவர்த்தியும் வெள்ளை அங்கியுமாகப் பழைய டிராகுலாப் படம் போன்ற காட்சிகள் வந்து போகும். அவை அவனுடைய நினைவா கற்பனையா என்று ரொமேரோ சொல்வதே இல்லை.

அவனை வீட்டில் வைத்திருக்கும் கிழவர் கூடா, குடும்பத்தில் இறங்கிவரும் சாபம் இது என்று உறுதியாக நம்புகிறார். கதவெல்லாம் பூண்டு கட்டுகிறார், சிலுவையை நீட்டுகிறார். மார்ட்டின் அந்தப் பூண்டைக் கடித்துக் காட்டுகிறான், சிலுவையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். மாயம் என்று எதுவும் இல்லை என்பதுதான் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது. அவன் நோயாளியாக இருக்கலாம். அவனைச் சின்ன வயதிலிருந்து 'நீ பிசாசு' என்று சொல்லி வளர்த்த குடும்பமே அவனை அப்படி ஆக்கியிருக்கலாம்.

படம் நடக்கும் இடம் பென்சில்வேனியாவின் பிராடக். ஆண்ட்ரூ கார்னகி தன் பெரிய எஃகு ஆலையை 1875இல் தொடங்கிய ஊர். ஒரு காலத்தில் 20 ஆயிரம் பேருக்கு மேல் இருந்த அந்த ஊரில் இன்று 2 ஆயிரம் பேர்கூட இல்லை. ரொமேரோ படமெடுத்தபோதே ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. மூடிய கடைகள், பழைய கார்களை நசுக்கும் இடம், வேலை தேடி வெளியேற நினைக்கும் இளைஞர்கள் எல்லாம் படத்தில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து எதுவோ உறிஞ்சப்பட்டுவிட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் கூடாவின் நம்பிக்கைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பெரிய இழப்பைவிட, வீட்டுக்குள் இருக்கும் ஒரு பையனைக் குற்றவாளியாக்குவது அவருக்கு எளிது. கடைசியில் மார்ட்டின் செய்யாத ஒரு சாவுக்காக, ஒரு பெண்ணின் தற்கொலைக்காக, அவர் அவன் நெஞ்சில் மர முளையை அடித்து இறக்குகிறார். பழைய படங்களில் நாம் கைதட்டிய அதே செயல், இங்கே ஒரு கொலையாக மட்டும் தெரிகிறது.

இப்போது வாசலுக்கு வருவோம். அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்ற விதி ஸ்டோக்கரின் நாவலிலேயே இருக்கிறது. பல காலம் படங்கள் அதைச் சும்மா ஒரு சடங்காகத்தான் பயன்படுத்தின. சுவீடனின் தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008இல் எடுத்த 'லெட் த ரைட் ஒன் இன்' அதைப் படத்தின் மையத்தில் வைத்தது. யோன் அயவிடே லிண்ட்க்விஸ்ட்டின் நாவல், திரைக்கதையும் அவரே. ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெரியில், 1980களின் தொடக்கத்தில், பள்ளியில் அடிவாங்கிக்கொண்டே இருக்கும் ஓஸ்கர் என்ற சிறுவன். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கும் ஏலி. ஏலிக்குப் பன்னிரண்டு வயது, நெடுங்காலமாக அதே பன்னிரண்டு.

அழைக்காமல் வந்தால் என்ன ஆகும்? அதுவரை யாரும் அதைச் சரியாகக் காட்டியதில்லை. ஓஸ்கர் வீம்புக்கு, வாய் திறந்து அழைக்காமல், கையால் மட்டும் ஜாடை காட்டுகிறான். ஏலி உள்ளே வந்து நிற்கிறாள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு தலையிலிருந்தும் காதிலிருந்தும் கண்ணிலிருந்தும் ரத்தம் கசியத் தொடங்குகிறது. பதறிப்போன ஓஸ்கர் ஓடிவந்து கட்டிக்கொண்டு, வரலாம், உள்ளே வரலாம் என்கிறான். வாசலில் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஏதுமில்லை. வந்துவிடலாம், ஆனால் வந்தவர் உடல் அதற்கு விலை கொடுக்கும். சிறுவர்களுக்கிடையே வரும் முதல் நம்பிக்கை இப்படித்தான் இருக்கிறது, ஒருவர் இன்னொருவரைக் காயப்படுத்திப் பார்த்துத்தான் எல்லையைத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் காட்சி என்னை உலுக்கியதற்கு ரத்தம் காரணமில்லை. ஓஸ்கர் தினமும் பள்ளியில் அனுபவிப்பதையே, அறியாமல், ஏலிக்குச் செய்கிறான்.

ஏலியோடு இருக்கும் ஹாகன் என்ற நடுத்தர வயது ஆள் அவளுக்காக ரத்தம் சேகரிக்கப் போவதையும் கவனிக்க வேண்டும். பனிக்காட்டில் ஒருவரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கேனில் பிடிக்கிறான். யாரோ வளர்க்கும் நாய் ஒன்று வந்து பார்த்துக்கொண்டு நிற்க, கேனை விட்டுவிட்டு ஓடுகிறான். கைநடுங்கும், தவறு செய்யும், வயதாகிவிட்ட ஒரு வேலையாள். ஓஸ்கரும் ஒருநாள் இப்படி ஆவானா என்ற கேள்வியைப் படம் நம்மிடம் விட்டுவிடுகிறது.

அதே வாசல் விதியை நியூசிலாந்தின் டைக்கா வைட்டிட்டியும் ஜெமேன் க்ளெமெண்டும் 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்' (2014) படத்தில் நகைச்சுவைக்குக் கொண்டுபோனார்கள். வெலிங்டனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் சில வாம்பயர்கள். இரவு விடுதிக்குப் போனால், வாசலில் நிற்கும் காவலாளி வாய்விட்டு 'உள்ளே வாங்க' என்று சொன்னால்தான் நுழைய முடியும், அவர் சொல்லமாட்டார். வீட்டில் ஐந்து வருஷமாக யாரும் கழுவாத ரத்தப் பாத்திரங்கள் குவிந்திருக்கின்றன. சிரிக்க வைக்கும் இந்தக் காட்சிகளுக்குப் பின்னால் இருக்கும் யோசனை 'மார்ட்டின்' படத்தின் யோசனையேதான்: விதியை அன்றாடத்துக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

வாசல் விதியின் முழு ஆழத்தைத் தொட்டது ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' (2025). இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

1932, அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல். கறுப்பின மக்கள் பருத்திக்காட்டில் குத்தகைக்கு உழைத்துக் கடனிலேயே வாழ்ந்த காலம். ரயிலில், பள்ளியில், உணவகத்தில், எந்தக் கதவு யாருக்கு என்று சட்டம் எழுதி வைத்திருந்த காலம். சிகாகோவிலிருந்து ஊர் திரும்பும் ஸ்மோக், ஸ்டாக் என்ற இரட்டையர்கள் (இருவராகவும் மைக்கேல் பி. ஜோர்டன்) ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய மரம் அறுக்கும் ஆலையை வாங்கி, ஒரே நாளில் அதை ஆட்டமும் பாட்டமும் சாராயமுமாக ஓர் இரவு விடுதியாக்குகிறார்கள். உழைக்கும் மக்கள் ஒரு ராத்திரிக்காவது தங்கள் விருப்பம்போல் இருக்கக்கூடிய இடம். அதன் வாசலில் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைக்கிறது.

அந்த வாசலில்தான் ரெம்மிக் வந்து நிற்கிறான். ஐரிஷ்காரன், வாம்பயர், கூடவே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, கையில் இசைக்கருவிகள். நாங்களும் பாடுவோம், உள்ளே விடுங்கள் என்று பணிவாகக் கேட்கிறான். அன்றைய மிசிசிப்பியில் வெள்ளையர் கறுப்பரின் வாசலில் நின்று அனுமதி கேட்பது என்பதே தலைகீழ் நிலை. வாம்பயர் விதி ஒன்றுதான் அதை நடக்க வைக்கிறது. மறுத்துவிடுகிறார்கள். பிறகு வெள்ளைக்காரியாகத் தோற்றமளிக்கும் மேரி, நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று வெளியே போகிறாள். திரும்பி வரும்போது தெரிந்த முகம்தானே என்று உள்ளே விடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் உடைகிறது. அதற்குப் பிறகு வாசல்காவலுக்கு நின்றவனே வெளியே போய்விட்டு வந்து, உள்ளே கூப்பிடுங்கள் என்று கெஞ்சும்போது, மூலிகையும் மந்திரமும் தெரிந்த ஆனி கண்டுபிடித்துவிடுகிறாள்: தன் வேலைக்கே திரும்ப வருகிறவனுக்கு எதற்கு அழைப்பு?

கடைசியில் கதவைத் திறந்துவிடுவது துரோகம் இல்லை. ஊரில் கடை வைத்திருக்கும் சீனப் பெண் கிரேஸ், வீட்டில் தனியாக இருக்கும் தன் மகளிடம் போவோம் என்று அவர்கள் மிரட்டியதும், இனிமேல் பொறுக்க முடியாது என்று ஆத்திரத்தில், வாங்கடா உள்ளே என்று கத்திவிடுகிறாள். மிசிசிப்பி டெல்டா பகுதியில் சீனர்கள் மளிகைக்கடை நடத்தியது வரலாறு. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் நடுவே நின்ற அந்தக் குடும்பத்தின் கையில் அந்த அழைப்பைக் கொடுத்தது கூக்ளரின் கூர்மை.

ரெம்மிக்கின் பேச்சையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அவன் வெறும் பொய் சொல்வதில்லை. என்னோடு வந்தால் நிறபேதம் இல்லை, எல்லோரும் ஒரே நினைவைப் பகிர்ந்துகொள்வோம் என்கிறான். அவனுடைய மூதாதையரின் நிலத்தையும் நம்பிக்கையையும் ஆங்கிலேயர் பறித்தார்கள். பறித்தவர்கள் திணித்த ஜெபத்தையே அவனும் மனப்பாடமாகச் சொல்கிறான், அதில் இன்னும் ஆறுதல் இருக்கிறது என்கிறான். ஆனால் அவன் மாற்றிய அத்தனை பேரும் வெளியே வட்டமாக நின்று ஆடும்போது, ஆடுவது அவனுடைய ஐரிஷ் பாட்டுக்கு. எல்லோருடைய நினைவும் அவனுக்குக் கிடைக்கிறது, மெட்டு மட்டும் அவனுடையது. ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையை உருவாக்கியவர்களுக்கும் அதை விற்றுப் பணம் பார்த்தவர்களுக்கும் இடையே அமெரிக்காவில் நடந்ததை, இதைவிடச் சரியாக ஒரு கதைக்குள் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை. படத்தின் உரிமை 25 ஆண்டுகளுக்குப் பிறகு தன்னிடமே திரும்ப வேண்டும் என்று வார்னர் நிறுவனத்திடம் கூக்ளர் ஒப்பந்தம் போட்டதும் இதே அக்கறையிலிருந்து வந்ததுதான்.

ரத்தத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்று கேட்ட படங்களின் வரிசை தனி.

1972இல் 'பிளாக்குலா' என்ற கறுப்பின வாம்பயர் படம் நன்றாக ஓடியதும், அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று ஒரு நிறுவனம் பில் கன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் கேட்டது. அவர் 1973இல் கொடுத்தது 'கான்ஜா அண்ட் ஹெஸ்'. பழைய கத்தி ஒன்றால் குத்தப்பட்டு ரத்தத்துக்கு அடிமையாகும் ஒரு மானுடவியல் பேராசிரியரின் கதை. போதைப் பழக்கமும் கிறிஸ்தவமும் ஆப்பிரிக்க நினைவும் பின்னிக் கிடக்கும், மெதுவாக நகரும் படம். கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. தயாரிப்பாளர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி வேறு பெயரில் வெளியிட்டார்கள். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருந்த பிரதியால்தான் அசல் பிழைத்தது. பிகலோவுக்கு வெஸ்டர்னுக்குக் கிடைக்காத பணம் வாம்பயருக்குக் கிடைத்தது போலவே, இங்கேயும் விற்பனையாகும் ஒரு வகைப்பெயருக்குள் ஒளித்து வைத்துத்தான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடிந்தது. வாம்பயர் படங்களில் புதுமை அடிக்கடி நிகழ்வதற்கு இந்தப் பணக்கணக்கு ஒரு முக்கியமான காரணம்.

மெக்சிகோவின் கில்லெர்மோ டெல் டோரோ தன் முதல் படமான 'குரோனோஸ்' படத்தில் பல்லையும் கடியையும் எடுத்துவிட்டு, ரசவாதி ஒருவர் செய்த தங்கப் பொறியை வைத்தார். உள்ளே ஒரு பூச்சி. பழம்பொருள் விற்கும் தாத்தா ஒருவர் அதில் மாட்டிக்கொள்கிறார். புத்தாண்டு விருந்தில் யாருக்கோ மூக்கில் ரத்தம் வடிய, கழிவறைத் தரையில் விழுந்த துளியை அவர் குனிந்து நக்குகிறார். கோட்டும் டையும் போட்ட மரியாதையான மனிதர். அவமானம் இவ்வளவு அருகில் காட்டப்பட்ட வாம்பயர் காட்சி அரிது.

'தர்ஸ்ட்' படத்தின் நாயகன் கத்தோலிக்கப் பாதிரியார். தடுப்பூசி ஆராய்ச்சிக்குத் தன்னையே கொடுத்து, ஏற்றப்பட்ட ரத்தத்தால் வாம்பயராகிறார். கொல்லக்கூடாது என்பது அவருடைய நெறி. அதனால் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியின் பக்கத்தில் தரையில் படுத்து, குழாய் வழியாக உறிஞ்சுகிறார். அந்த நோயாளி நல்லவர், கொடுத்திருப்பார் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். எமில் ஸோலாவின் 'தெரேஸ் ராக்கேன்' நாவலின் கள்ளக்காதல் கதையை பார்க் இதற்குள் வைத்திருக்கிறார். கடைசியில், நிழலே இல்லாத கடலோரப் பாறைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், காதலியோடு விடியலுக்குக் காத்திருக்கிறார் பாதிரியார். அவள் ஒளிய இடம் தேடி டிக்கிக்குள் புகுகிறாள், அவர் விடுவதில்லை. முர்னாவ் படத்தில் வெயில் ஒரு பொறி. இங்கே அது ஒருவர் தேர்ந்தெடுத்த தண்டனை, இன்னொருவர்மேல் அவர் திணித்த தண்டனையும்கூட.

ஜிம் ஜார்முஷின் 'ஒன்லி லவ்வர்ஸ் லெஃப்ட் அலைவ்' (2013) இதே கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. மனித ரத்தம் கெட்டுப்போய்விட்டதால், அதில் வரும் வாம்பயர்கள் மருத்துவமனை ஆட்களிடம் காசு கொடுத்துச் சுத்தமான ரத்தம் வாங்குகிறார்கள். கார்த் தொழில் போன பின் இருண்டு கிடக்கும் டெட்ராய்ட் தெருக்களில் இரவு வண்டி ஓட்டிக்கொண்டு போகும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

சாகாமல் இருப்பது பற்றி ஒரே ஒரு படம் சொல்லிவிடுகிறேன். சிலியின் பாப்லோ லராயின், ராணுவப் புரட்சி நடந்து 50 ஆண்டு நிறைந்த 2023இல் 'எல் கோண்டே' எடுத்தார். சர்வாதிகாரி பினோஷே 250 வயது வாம்பயராக, சாக விரும்பி, சொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே கிடக்கிறார். நிஜத்தில் பினோஷே 2006இல் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாமலே இறந்தார். தண்டிக்கப்படாதவர் சாகவில்லை என்று லராயின் எடுத்துக்கொள்கிறார். கதை பிற்பாதியில் தளர்கிறது, ஆனால் அந்த ஒரு யோசனை அசைக்க முடியாதது.

நம் பக்கத்தில் 2025இல் வந்த மலையாளப் படம் 'லோகா' இந்த வரிசைக்கு ஒரு புது வாசலைத் திறந்திருக்கிறது. டொமினிக் அருண் இயக்கம், கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. இன்றைய பெங்களூரில் வாழும் சந்திரா உண்மையில் கள்ளியங்காட்டு நீலி. கேரளத்தில் யட்சியாகப் பேசப்படும் இந்த நீலியின் கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. படம் அவளை அரசனின் ஆட்களால் சொந்தங்களை இழந்த ஒரு பழங்குடிச் சிறுமியாக மாற்றி எழுதுகிறது. ஆண்களை மயக்கிக் கொல்லும் வெள்ளைச் சேலைப் பெண் என்ற பழைய பிம்பத்தை அது கைவிட்டது பெரிய விஷயம். ஆனால் சூப்பர்ஹீரோ படத்தின் சண்டைகள் வந்ததும், ரத்தம் குடித்து வாழ்வதன் அன்றாடம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அது எனக்கு ஏமாற்றம்.

ஏனென்றால் நீலி கதைகளில் வாசல் விதியைவிடக் கடுமையான விதி ஒன்று இருக்கிறது. திருவாலங்காட்டுப் பக்கம் சொல்லப்படும் பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகன் ஒருவன், பேய் துரத்துகிறது என்று ஊருக்குள் ஓடிவருகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் புருஷன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று அழுகிறாள் நீலி. பஞ்சாயத்து கூடுகிறது. வேளாளர் 70 பேர் இருவர் பேச்சையும் கேட்கிறார்கள். குழந்தை அவனை அப்பா என்கிறது. அவனிடம் மந்திரக்கத்தி ஒன்று இருக்கிறது, அது இருக்கும்வரை அவள் அவனைத் தொட முடியாது. என்னைக் கொன்றுவிடுவான், கத்தியை வாங்கி வையுங்கள் என்கிறாள். வாங்கி வைக்கிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எங்கள் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் அடைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இங்கே கதவைத் திறப்பது ஒரு தனி ஆளின் பலவீனம் இல்லை. நியாயமாக நடக்க வேண்டும், கைவிடப்பட்ட பெண்ணின் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைத்த ஊர் திறக்கிறது. முன்பிறவியில் அவன் அவளைக் கொன்றதும் உண்மை, அவள் இப்போது சொல்லும் பொய்யும் உண்மை. இதைப் படமாக்க நினைக்கும் இளம் இயக்குநர் நீளப்பல், வெளவால், கிராஃபிக்ஸ் எதையும் தேட வேண்டாம். கேமராவை அந்தப் பஞ்சாயத்துக்குள் வைத்து, சாட்சி கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தை அவசரப்படாமல் எடுத்தால் போதும். கத்தி கைமாறும் காட்சியை எந்த நடிகர்களை வைத்து எப்படி எடுக்கிறார் என்பதில்தான் படமே இருக்கிறது.